நாற்பத்தைந்து, முப்பத்தாறு, பதினான்கு

பார்த்திவசேகரபுரத்துச் செப்பேட்டில் மூன்று எண்கள் இருக்கின்றன. பவிழியம் என்ற வேதக் கிளையைச் சேர்ந்த சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, 45 இடம். தைத்திரீயத்தாருக்கு 36. தலவகாரத்தாருக்கு 14. கூட்டினால் 95. ஆய்நாட்டு அரசன் ஒருவன் திருமாலுக்குக் கோயில் எடுத்து, அதை ஒட்டி 95 பேர் தங்கி உண்டு படிக்க ஒரு சாலை நிறுவி, நிலம் எழுதிவைத்து, உள்ளே வருகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் செம்பில் வெட்டச் சொன்னான். மாணவர் விடுதிக்குச் சேர்க்கை விதியும் ஒழுங்கு விதியும் கொண்ட ஆவணம், ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து, நம்மூர் மண்ணிலிருந்து.

நான் தேடத் தொடங்கியது செப்பேட்டை அல்ல, ஆற்றை. திற்பரப்பில் பாறை விரிப்பின் மேலிருந்து விழும் கோதையாறு, கீழே திருவட்டாற்றுப் பக்கம் மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகப் போய், தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது. மலையில் தொடங்கிக் கடலில் முடிகிற இந்தக் குறுகிய தூரத்துக்குள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் யார் யார் குடியிருந்தார்கள், யார் எழுதினார்கள், யார் படித்தார்கள் என்று பார்க்க விரும்பினேன். திற்பரப்புக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு, மகாதேவர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தண்ணீர் போகும் வழியில் ஒரு கல்லூரி இருந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லும் பலகை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

முதல் தடயம் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதி. 1910-இல் வெளிவரத் தொடங்கிய இந்த வரிசைக்கு ஆசிரியர் து.அ. கோபிநாத ராவ். இந்துச் சிற்பவியலைப் பற்றிய பெருநூலால் உலகம் அவரை அறியும். ஆனால் குமரி மாவட்டத்துக்காரனுக்கு அவர் செய்த பெரிய உபகாரம் இந்த வரிசைதான். திருவனந்தபுரத்தில் அரசின் தலைமைச் செயலகமான ஹுஜூர் கச்சேரியில் பழைய செப்பேடுகள் கிடந்தன. நாட்டின் நிலக்கணக்கும் வழக்கும் தீர்கிற இடம் அது. நிலத்துக்கு ஆதாரமாக எப்போதோ யாரோ கொண்டுவந்து காட்டியவை அங்கேயே தங்கிப்போவது இயல்பு. கோபிநாத ராவ் அவற்றைப் படித்து அச்சேற்றினார். கச்சேரியின் பெயரே ஏட்டின் பெயராக நிலைத்துவிட்டது. அதனால்தான் பார்த்திவபுரம் சாலையைப் பற்றிய ஆவணத்தை ஆய்வு நூல்களில் ஊர்ப்பெயரில் தேடினால் சட்டென்று அகப்படாது, 'ஹுஜூர் கச்சேரிச் செப்பேடு' என்று தேட வேண்டும். ஊர் தன் ஆவணத்தை இழந்தது ஒரு தடவை, ஆவணத்தின் பெயரில் தன் பெயரையும் இழந்தது இன்னொரு தடவை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஏட்டின் காலத்தை ஏடே சொல்கிறது, அதுவும் நாள் கணக்காக. அரசன் கோக்கருநந்தடக்கனின் ஒன்பதாம் ஆட்சியாண்டு என்பதோடு, கலியுகம் பிறந்து 14,49,087-ஆவது நாள் என்றும் குறிக்கிறது. கொல்லம் ஆண்டு 825-இல் பிறந்து நாற்பது ஆண்டு ஆகிவிட்ட பிறகும், இந்த எழுத்தர் கலி நாளை எண்ணியிருக்கிறார். கணக்கு எளிது. 14,49,087-ஐ ஓராண்டின் நாட்களான 365.26-ஆல் வகுத்தால் 3967 ஆண்டும் சில மாதமும் வரும். கலியுகத் தொடக்கம் கி.மு. 3102 பிப்ரவரி. அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கி.பி. 866-இன் நடுப்பகுதியில், ஆனி ஆடி மாத வாக்கில் வந்து நிற்கும். தென்மேற்குப் பருவமழை குமரி மேற்கில் அடித்துப் பெய்யும் காலம். அரசர் பெயரையும் ஆட்சியாண்டையும் வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டு முன்னே பின்னே தடுமாறுவதே தென்னாட்டு வரலாற்றில் வழக்கம். இப்படி ஒரு நாளையே பிடித்துக் கொடுக்கும் ஏடு அபூர்வம்.

இனி கொடையாளி. கருநந்தடக்கன் ஆய்குலத்தவன். அவன் தன் விருதுப்பெயரால் ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பேரிட்டான். இன்று பார்த்திவபுரம், புதுக்கடைக்கும் முஞ்சிறைக்கும் பக்கத்தில். அவன் எப்படி நிலம் பெற்றான் என்பதுதான் என்னை வெகுநேரம் நிறுத்திய இடம். கோயிலுக்கும் சாலைக்கும் தேர்ந்த இடம் உழக்குடிவிளை. விளை என்று முடியும் ஊர்கள் விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் எத்தனை எத்தனை! அந்த உழக்குடிவிளை முஞ்சிறைச் சபையாருக்கு உரியது. அரசன் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, மாற்றாக இதை வாங்கினான். பிறகுதான் கோயில் எழுந்தது. கல்லூரி கட்ட வரும் கொடையாளி முதலில் நிலத்துக்கு உடையவனோடு பேசி ஈடு கொடுத்துவிட்டு வந்தான் என்பதை ஏடு மறைக்காமல் சொல்கிறது. அரசனாக இருந்தும், சபையின் உரிமையைத் தாண்ட அவனால் முடியவில்லை, அல்லது அவன் தாண்ட விரும்பவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் முஞ்சிறைச் சபையின் செல்வாக்கு தெரிகிறது.

முஞ்சிறை என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். சிவராத்திரியன்று காவி கட்டி, கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று ஓடுகிறவர்களின் சிவாலய ஓட்டம் முஞ்சிறைத் திருமலையில்தான் தொடங்குகிறது. அடுத்தது திக்குறிச்சி, மூன்றாவது திற்பரப்பு, நான்காவது திருநந்திக்கரை, பிறகு பொன்மனை என்று பன்னிரண்டாவதான திருநட்டாலம் வரை போகும். நான் தேடிய ஆவணங்களில் முக்கியமானவை இந்த ஓட்டத்தின் முதல் நான்கு கோயில்களின் வட்டாரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. முஞ்சிறையில் நிலம் மாறியது. ஆற்றோடு மேலே போனால் திற்பரப்பு, அதற்கடுத்து, பின்னால் சொல்லப்போகும் இராசராசனின் கல்வெட்டு இருக்கும் திருநந்திக்கரை. ஆய்நாட்டின் இந்தப் பகுதி ஒரே ஆற்றுப் படுகையாகப் புழங்கியது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தடத்தில் நடந்தபோது ஓடி ஓய்ந்த ஒரு பெரியவர் திற்பரப்பு மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார். சாலையைப் பற்றிச் சொன்னேன். "மக்ளே, படிச்சவனுவளுக்குச் சோறு போட்ட ராஜா நம்ம ஊர்ல உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்பம் யாரையெல்லாம் உள்ள விட்டானுவோ?" என்றார் அடுத்தபடியாக. எல்லா ஆய்வாளர்களும் கேட்க வேண்டிய கேள்வியை அவர் இரண்டாவது மூச்சிலேயே கேட்டுவிட்டார்.

யாரை உள்ளே விட்டார்கள்? ஏடு அதைத் தெளிவாகச் சொல்கிறது. 95 இடமும் வேதக் கிளைகளின் பெயரால் பிரிக்கப்பட்டவை. பவிழியம் இருக்கு வேதத்தார், தைத்திரீயம் யசுர் வேதத்தார், தலவகாரம் சாம வேதத்தின் ஒரு கிளை. ஆகப் பிறப்பே முதல் தகுதி. அது போதாது. வருகிறவன் வியாகரணமும் புரோகிதமும் ஏற்கெனவே கற்றவனாக இருக்க வேண்டும். மூவரசு நாட்டு நடைமுறையிலும், அதாவது சேர சோழ பாண்டிய நாடுகளின் ஆட்சி, வழக்கு விவகாரங்களிலும் தேர்ச்சி வேண்டும். எழுத்துக் கற்கும் சிறுவர்களுக்கான பள்ளி அல்ல இது. அடிப்படைப் படிப்பை வேறெங்கோ முடித்தவர்கள் வந்து சேரும் இடம். இன்றைய சொல்லில் சொன்னால் முதுகலைக் கல்லூரி.

மூவரசு நாட்டு நடைமுறை என்ற இந்த நிபந்தனையைத்தான் நான் சாலையின் உயிர்நிலை என்று கொள்கிறேன். ஆய்நாடு சின்னது. கிழக்கே பாண்டியன், வடக்கே சேரன், அவர்களுக்கும் அப்பால் தலைதூக்கத் தொடங்கியிருந்த சோழன். இந்த மூவருக்கும் நடுவே பிழைக்க வேண்டிய அரசனுக்கு, மூன்று நாட்டின் வழக்கமும் தெரிந்து, மூன்று அரசவையிலும் பேசக்கூடிய ஆட்கள் தேவை. வேதம் ஓதுவதற்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் இந்தத் தகுதியைக் கேட்டிருக்க மாட்டான். கருநந்தடக்கனின் கொடை பக்தியால் வந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதோடு சேர்ந்து ஒரு சின்ன நாட்டின் தற்காப்பும் அதில் இருக்கிறது.

உள்ளே வாழ்க்கை எப்படி? விதிகளைப் படித்தால் தெரியும். சக சட்டனைத் திட்டியவனுக்குத் தண்டம். அடித்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டம். ஆயுதத்தால் காயப்படுத்தியவனுக்கு இன்னும் கடுமை. கூட்டம் கூடும்போது ஆயுதத்தோடு வரக் கூடாது. மடத்தில் வெள்ளாட்டிகளை, அதாவது பணிப்பெண்களை, வைத்துக்கொள்ளக் கூடாது. விதி என்பது நடந்ததைப் பார்த்துப் போடுவது. கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவராதே என்று செம்பில் வெட்ட வேண்டியிருந்தால், கொண்டுவரக்கூடியவர்கள் இருந்தார்கள் என்று பொருள். ஓதும் பிள்ளைகளின் இடுப்பில் ஆயுதம் இருந்திருக்கிறது. அவர்கள் தங்களுக்குள் கூடி முடிவெடுக்கும் கூட்டமும் இருந்திருக்கிறது. அரசனின் அதிகாரி ஒருவர் மேலே உட்கார்ந்து நடத்திய விடுதியாக இருந்தால் கூட்டத்துக்கு விதி எதற்கு?

இந்த ஆயுத விஷயத்துக்குத் துணைச் சான்று எதிர்பாராத திசையிலிருந்து கிடைக்கிறது. கி.பி. 779-இல் இராசத்தானத்து ஜாலோரில் இருந்து உத்யோதன சூரி என்ற சமணத் துறவி பிராகிருதத்தில் 'குவலயமாலா' என்ற கதை நூலை எழுதி முடித்தார். அதில் கதைத் தலைவன் தெற்கே கடலோர நகரமான விசயபுரிக்கு வந்து, சட்டர்கள் தங்கும் மடம் ஒன்றுக்குள் நுழைகிறான். லாடம், கருநாடகம், மாளவம், கன்னோசி, மராட்டியம், சௌராட்டிரம், சிந்து என்று பல நாட்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் வில், வாள், கேடயம் பழகுகிறார்கள். இன்னொரு பக்கம் பாட்டு, கூத்து, ஓவியம். விரிவுரைக் கூடங்களில் வியாகரணம், மீமாம்சை, நியாயம், சாங்கியம், பௌத்தம், சமணம், உலகாயதம் என எல்லாம் நடக்கின்றன. நல்ல சாப்பாட்டில் தடித்த இளைஞர்கள் அரசகுமாரியைப் பற்றி வம்பளப்பதையும் உத்யோதனர் விட்டுவைக்கவில்லை.

வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் இந்தப் பகுதியைக் காந்தளூர் (அதைப் பற்றிப் பின்னால்), பார்த்திவபுரம் சாலைகளோடு சேர்த்துப் படித்தவர். விசயபுரி எந்தக் கடற்கரையில் இருந்தது என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ஆகவே அந்த மடம் நம்முடையது என்று உரிமை கொண்டாட நான் முன்வரமாட்டேன். ஆனால் படிப்பும் படைப்பயிற்சியும் ஒரே கூரைக்கடியில் நடந்த மடங்கள் எட்டாம் நூற்றாண்டில் ஒரு கதையாசிரியரின் கண்ணுக்கு இயல்பாகப் பட்டிருக்கின்றன. நம் ஏட்டின் விதிகளைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பல நாட்டு மாணவர் கூட்டம் ஒரே மடத்தில் வந்து கூடியது என்ற செய்தியும் மூவரசு நாட்டு நடைமுறையைப் புரிந்துகொள்ள உதவுகிறது. பிற நாட்டு வழக்கத்தை ஏட்டைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. அந்த நாட்டிலிருந்து வந்தவனோடு ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

சோற்றுக் கணக்குக்குச் சோழநாட்டுக் கல்வெட்டுகளைத் தேடிப் போனேன், ஏனென்றால் இதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. விழுப்புரம் பக்கம் எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், 340 மாணவர். அவர்களில் 270 பேர் இளநிலை, 70 பேர் வியாகரணமும் மீமாம்சையும் வேதாந்தமும் படிக்கும் முதுநிலை. இளையவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், முதியவனுக்குக் குறுணி இருநாழி, அதாவது பத்து நாழி. உடன் 14 ஆசிரியர்கள், கல்லூரிக்கென 45 வேலி நிலம். புதுச்சேரிப் பக்கம் திரிபுவனியில் 1048-இல் 260 மாணவர், 12 ஆசிரியர், 72 வேலி. காஞ்சிபுரத்துப் பக்கம் திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், விடுதி மாணவருக்குப் படுக்கப் பாய், இரவில் விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய், ஆண்டுக்கு 51 சனிக்கிழமை என்ற கணக்கோடு கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே 15 படுக்கை கொண்ட மருத்துவமனையும் இருந்தது. அதில் மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளியைப் பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் கூலி எழுதியிருக்கிறது. திருமுக்கூடல் கல்வெட்டைப் படிக்கும்போது எழுதியவனின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காத அரசு அது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். எண்ணாயிரம், திரிபுவனி, திருமுக்கூடல் மூன்றும் பதினோராம் நூற்றாண்டு. பார்த்திவபுரம் அவற்றுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. அதன் காலத்துக்கு அருகில் தமிழ்நாட்டில் வைக்கக்கூடியது பல்லவன் நிருபதுங்கன் காலத்து வாகூர்ச் செப்பேடு. அங்கே வித்தியாத்தானம் என்ற கல்வி நிலையம் ஒன்றுக்கு மூன்று ஊர்களைக் கொடுத்தார்கள். ஆனால் அங்கே மாணவன் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளைக் காணோம். நம் ஏட்டில் அது இருக்கிறது.

அந்த விதிகளும் கருநந்தடக்கனின் சொந்தக் கற்பனை அல்ல. காந்தளூர் மரியாதைப்படி சாலை நடக்க வேண்டும் என்று ஏடே சொல்கிறது. ஆக, 866-க்கு முன்பே காந்தளூரில் ஒரு சாலை இருந்து, அதன் ஒழுங்கு பிறர் பார்த்து நடக்கும் அளவுக்குப் பேர் பெற்றிருக்கிறது. காந்தளூரைத் திருவனந்தபுரத்து வலியசாலையோடு பொருத்துகிறார்கள். அங்கே இப்போதும் காந்தளூர் மகாதேவர் கோயில் உண்டு. தமிழ் படித்த எவருக்கும் காந்தளூர்ச் சாலை என்றதும் இராசராசன் நினைவுக்கு வருவான். அவனுடைய நான்காம் ஆட்சியாண்டு முதல், அதாவது கி.பி. 988 வாக்கிலிருந்து, காந்தளூர்ச் சாலையில் கலமறுத்த பெருமை அவன் கல்வெட்டுகளில் ஓயாமல் வருகிறது. கலம் என்றால் கப்பலா, உண்கலமா, வழக்கா என்று ஒரு நூற்றாண்டாகச் சண்டை. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகவே 'காந்தளூர்ச் சாலை' என்று தனி நூல் எழுதினார். அந்தச் சண்டையில் இங்கே நான் இறங்கவில்லை. எனக்குத் தேவைப்பட்ட தடயம் வேறு. இராசராசனுக்குப் பின் இராசாதிராசனும், முதலாம் குலோத்துங்கனும் அதே பெருமையைத் தங்களுக்கும் சொல்லிக்கொண்டார்கள். ஒரே அடியில் அழிந்துபோன இடத்தை மூன்று அரசர்கள் நூறாண்டுக் காலத்தில் திரும்பத் திரும்ப வெல்ல முடியாது. சாலை அழியவில்லை, அடங்கவுமில்லை என்றுதான் நான் படிக்கிறேன். ஆயுதமும் அறிவும் மூன்று நாட்டுத் தொடர்பும் உள்ள இளைஞர் கூட்டம் சோழனுக்குத் தொல்லையாக இருந்ததில் வியப்பு இல்லை.

சோழன் இங்கே என்ன செய்தான் என்பதைக் காண திற்பரப்புப் பக்கமே வர வேண்டும். திருநந்திக்கரைக் குடைவரை, பாறையைக் குடைந்து எடுத்த சின்னக் கோயில். மங்கிப்போன பழைய ஓவியக் கோடுகள் சுவரில் இன்னும் தெரிகின்றன. சமணர் இருந்த இடம் பின்னால் சிவன் கோயிலாயிற்று என்பது பரவலான கருத்து. இங்கே இராசராசனின் பதினெட்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. முட்டம் என்ற ஊர் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாறி, அதன் வருவாயில் அரசன் பிறந்த ஐப்பசிச் சதயத்தில் திருவிழா நடக்கிறது. கன்னியாகுமரியில் ஸ்ரீவல்லபப் பெருஞ்சாலை என்றிருந்தது இராசராசப் பெருஞ்சாலை ஆயிற்று. கொடையாளியின் பெயர் மாறியது, கொடை நடந்தது. வெற்றிபெற்ற அரசு கல்வி நிலையத்தை இடித்துவிட்டுப் போவதைவிட, அதன் பெயர்ப்பலகையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதே அதற்கு லாபம். பார்த்திவபுரத்தில் கோயில் நிற்கிறது. பார்த்தசாரதி இருக்கிறார். 95 பேர் படுத்த இடத்தில் ஒரு சுவரையும் நான் காணவில்லை. மழை நாட்டில் மரமும் ஓலையும் ஆயிரம் ஆண்டு நிற்காது.

இத்தோடு தேடலை முடித்திருக்கலாம். திற்பரப்புப் பெரியவரின் கேள்வி விடவில்லை. உள்ளே விட்டவர்களைப் பற்றித் தெரிந்தது. விடாதவர்கள்? நிலத்தை உழுது அந்த 95 இலைக்கும் நெல் அளந்தவர்களின் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்ட ஏட்டில் ஒரு வரி இல்லை. இதே நாட்டில் அவர்களுடைய சந்ததியார் திருவிதாங்கூர் அரசின் கோயில்களுக்குள் நுழைய 1936 நவம்பர் 12 வரை காத்திருந்தார்கள். பெண்களைப் பற்றி ஏடு பேசுவது ஒரே இடத்தில், வெள்ளாட்டிகளை மடத்தில் வைக்காதே என்று. அவ்வளவுதான்.

அப்படியானால் இந்த ஆற்றுக்கரையில் பெண்கள் கற்கவே இல்லையா? திற்பரப்புக்கும் குழித்துறைக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் சிதறால் மலை இருக்கிறது. பழைய பெயர் திருச்சாரணத்துமலை. மலையேறினால் ஆறு கீழே தெரியும். பாறையில் தீர்த்தங்கரர்களும் இயக்கியும் வரிசையாகப் புடைத்து நிற்கிறார்கள். பகவதி கோயிலாக மாறிய குடைவரையும் பக்கத்தில். அங்கே கருநந்தடக்கனுக்குப் பின் வந்த விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று. பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கி குரத்திகள் மலையிலுள்ள தெய்வமான பட்டாரியாருக்குப் பொன்னணி கொடுத்தார் என்கிறது. குரத்தி என்றால் பெண் குரு, சமணத் துறவி ஆசிரியை. இந்த வரகுணன்தான் பௌத்தரின் திருமூலபாதத்துக்கும் கொடை எழுதினான், அந்த ஏட்டைப் பாலியம் செப்பேடு என்பார்கள். ஒரே குலத்து அரசர்களின் காலத்தில் வைதிகச் சாலையும் பௌத்தப் பள்ளியும் சமண மலையும் ஒன்றாக வாழ்ந்தன.

குணந்தாங்கியாரின் கல்வெட்டைச் செப்பேட்டோடு சேர்த்து வைத்துப் படித்தபோதுதான் எனக்கு வேறுபாடு உறைத்தது. பார்த்திவபுரத்தில் கொடையாளி அரசன், பெறுகிறவர் மாணவர். மாணவர் ஒருவரின் பெயர்கூட ஏட்டில் இல்லை, இருப்பது எண் மட்டும். சிதறாலில் கொடையாளியே மாணாக்கி. அவருடைய பெயர் இருக்கிறது, அவருடைய ஆசிரியரின் பெயர் இருக்கிறது, ஆசிரியரின் ஊர் இருக்கிறது. கல்வியின் தொடர்ச்சியை அங்கே ஆள்களின் வழியாக எழுதியிருக்கிறார்கள்.

பெண் மாணாக்கியர் கூட்டமாகத் தங்கிப் படித்தார்கள் என்பதற்கும் அதே காலத்துச் சான்று தமிழ்நாட்டில் உண்டு. வந்தவாசிப் பக்கம் வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் 14-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 885-இல், கனகவீர குரத்தியார் என்ற ஆசிரியைக்கு 500 மாணாக்கியர். அங்கேயே இருந்த வேறு 400 பெண் துறவியரோடு அவர்களுக்குப் பிணக்கு. அப்போது ஊரார் முன்வந்து, கனகவீர குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியரையும் நாங்கள் காத்து உணவளிப்போம் என்று கல்லில் எழுதிக் கொடுத்தார்கள். பார்த்திவபுரம் 95, வேடல் 500. இருபது ஆண்டு இடைவெளி. முதலாவது அரசன் கொடுத்த நிலத்தில் நின்றது, இரண்டாவது ஊரார் போட்ட சோற்றில். தென்னாட்டு உயர்கல்வி வரலாறு எழுதுகிறவர்கள் எண்ணாயிரத்தையும் காந்தளூரையும் சொல்லிவிட்டு வேடலை விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. தங்கும் இடம், ஆசிரியர், மாணவர், கொடையாளி என்று கல்லூரிக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கின்றன.

இனி கடைசித் தடயம். கோயில்பட்டிப் பக்கம் கழுகுமலை. வெட்டுவான் கோயிலால் பேர்பெற்ற அந்த மலையின் மறுபக்கத்தில், பாறை முழுக்கச் சமணத் திருமேனிகள். ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் யார் செய்வித்தது, எந்த ஊர், யாருடைய மாணவர் என்று பொறித்திருக்கிறார்கள். இப்படி நூறு அளவில் கல்வெட்டுகள். பட்டினிக் குரத்தியார், மிழலூர்க் குரத்தியார், திருப்பருத்திக் குரத்திகள் என்று ஊர் ஊராகப் பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். அந்த வரிசையில் திருச்சாரணத்துக் குரத்திகளும் இருக்கிறார்கள். நம்முடைய சிதறால் மலையின் ஆசிரியை.

சமணத் துறவியர் வண்டி ஏறுவதில்லை, மழைக்காலம் நான்கு மாதம் ஒரே இடத்தில் தங்குவார்கள், மற்ற மாதங்களில் நடந்துகொண்டே இருப்பார்கள். சிதறாலிலிருந்து நாஞ்சில் நாட்டைக் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, நெல்லைச் சீமை வழியே கழுகுமலை போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்கு மேல். போன இடத்தில் பாண்டிநாடு முழுவதும் இருந்து வந்த பிற குரத்தியரையும் அவர்களின் மாணவரையும் கண்டிருப்பார்கள். மூவரசு நாட்டு நடைமுறை தெரிந்தவனைத்தான் சேர்ப்பேன் என்று பார்த்திவபுரத்து அரசன் விதி போட்டான். இந்தப் பெண்கள் அரசனின் விதி எதுவும் இல்லாமலேயே நாடு விட்டு நாடு நடந்து, அங்குள்ளோரோடு கூடிக் கலந்து, தங்கள் ஊர்ப்பெயரை அங்கே வெட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

கழுகுமலையின் ஊர்ப்பெயர்களைச் சிதறால் கல்வெட்டுகளோடு வரிசையாக அடுக்கி, எந்தக் குரத்தி எந்த ஊரிலிருந்து வந்தார், யாருடைய மாணாக்கி யாருக்கு ஆசிரியை ஆனார் என்று பார்க்கும் வேலையை இப்போது செய்துகொண்டிருக்கிறேன். பார்த்திவபுரம் எனக்குத் தந்தது எண்களை. இங்கே பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.